சிறுவயதில் கொண்டாடிய கோல்கீப்பரை நேரில் சந்திக்கும்போது, அவர் விட்ட அந்த ஒரு கோலைப் பற்றிப் பேசலாமா?

கேள்வி – எழுதியவர்: வேலியோரம்

வணக்கம். பத்து வயது முதல் பதினான்கு வயது வரை நான் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய ஒரு கோல்கீப்பர், அடுத்த மாதம் நடக்கவிருக்கும் இளையோர் கால்பந்துப் போட்டியின் பரிசளிப்புக்குச் சிறப்பு விருந்தினராக வருகிறார். அவர் இப்போது பொதுவெளியை விட்டு ஒதுங்கி வாழ்வதால் பெயரைத் தவிர்க்கிறேன். விழாவை நடத்துபவர்களில் ஒருவர் என் நண்பர் என்பதால், நிகழ்ச்சி தொடங்கும் முன் பத்து நிமிடங்கள் அவருடன் தனியாக உட்கார வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டதிலிருந்து சரியான தூக்கமில்லை. நாற்பத்தாறு வயதில் இப்படிச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அவருடைய படங்களைச் செய்தித்தாள்களிலிருந்து வெட்டி ஒட்டி, ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் ஆட்டத்தின் தேதியையும் கோல் கணக்கையும் எழுதி வைத்த நோட்டு ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் நான் மிகவும் மதிக்கும் பக்கம் ஓர் அரையிறுதி ஆட்டத்துடையது. எங்கள் அணி ஒரு கோல் முன்னிலையில் இருந்தபோது எதிரணிக்குப் பெனால்டி கிடைத்தது. அவர் அதைத் தடுத்தார். திரும்பி வந்த பந்தை அதே ஆட்டக்காரர் அவசரப்பட்டுக் கம்பத்துக்கு மேலே அடித்துவிட்டு, முழங்காலிட்டுத் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். கோல் கிக் எடுக்க வேண்டிய நம் கோல்கீப்பரோ பந்தை விட்டுவிட்டு அவரிடம் நடந்து சென்று, தோளில் கை வைத்து, குனிந்து ஏதோ சொன்னார். கோலுக்குப் பின்னாலிருந்த வேலியைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்த பதின்மூன்று வயதுப் பையனுக்கு, தோற்றவரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு வாழ்நாள் முழுவதும் அந்தக் காட்சிதான் அளவுகோலாக இருந்தது.

அடுத்து வந்த இறுதி ஆட்டத்தில், கடைசி நிமிடங்களில், நேராக வந்த சாதாரணமான பந்து அவர் கைகளுக்கு இடையே நழுவி உள்ளே போனது. அதன் பிறகும் சில பருவங்கள் ஆடினார் என்றாலும், அவர் பெயரைச் சொன்னால் எல்லோரும் பேசுவது அந்தக் கோலைப் பற்றி மட்டும்தான்.

நான் போகலாமா, போனால் என்ன பேசுவது, அந்தக் கோலைக் குறிப்பிடலாமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1 – எழுதியவர்: பழைய தன்னார்வலர்

சில ஆண்டுகள் இத்தகைய விழாக்களில் விருந்தினர்களை அறையிலிருந்து மேடைக்கு அழைத்துச் செல்லும் வேலையைப் பார்த்திருக்கிறேன். பெரிய விஷயத்தை மற்றவர்கள் சொல்லட்டும், நான் சின்ன விஷயங்களைச் சொல்கிறேன், ஏனென்றால் சந்திப்புகள் பெரும்பாலும் சின்ன விஷயங்களில்தான் கெடுகின்றன.

பத்து நிமிடம் என்று சொன்னால் நான்கு நிமிடம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். புகைப்படத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே போனதும் உங்கள் நண்பரையே எடுக்கச் சொல்லி முடித்துவிட்டுக் கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டால், மேடையிலிருந்து அழைப்பு வரும்போது பேச்சைப் பாதியில் வெட்டிவிட்டு செல்ஃபிக்காகத் தடுமாற வேண்டியிருக்காது. நோட்டைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். ஆனால் ஒட்டிய செய்தித்தாள் துண்டின் மேல் கையெழுத்து கேட்காதீர்கள், பழைய தாள் மையை உறிஞ்சிப் பரப்பிவிடும். மார்க்கர் என்றால் அடுத்த பக்கத்துக்கும் இறங்கிவிடும். வெறும் பக்கம் ஏதாவது இருந்தால் அதில் சாதாரண பால்பாயிண்ட் பேனாவால் வாங்குங்கள். உங்கள் பெயரையும் சேர்த்து எழுதச் சொன்னால், இது விற்பதற்காக வாங்குகிற கையெழுத்து அல்ல என்பது அவருக்கு உடனே புரியும், முகமும் மாறும். இதைப் பலமுறை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, கை குலுக்கும்போது அழுத்தாதீர்கள். பல ஆண்டுகள் ஆடிய கோல்கீப்பர்களின் விரல்களில் நேராக நிற்காத விரல் ஒன்றாவது இருக்கும்.

பதில் 2 – எழுதியவர்: நான்காவது நடுவர்

இந்த விஷயத்தில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது வெற்றிக் கதைகளைத்தான். 2008இல் சிங்கப்பூருக்கு வந்த மைக்கேல் ஃபெல்ப்ஸுடன் படம் எடுத்துக்கொண்ட பதின்மூன்று வயது ஜோசப் ஸ்கூலிங், 2016 ரியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் பட்டர்ஃபிளை நீச்சலை 50.39 விநாடிகளில் முடித்து, அதே ஃபெல்ப்ஸை இரண்டாம் இடத்துக்குத் தள்ளினார். சிறுவனாக ஸ்டெஃபான் எட்பெர்க்கைப் போற்றிய ரோஜர் ஃபெடரருக்கு, 2014, 2015 ஆண்டுகளில் அதே எட்பெர்க் பயிற்சியாளராக வந்து அமர்ந்தார். படிக்க இனிமையாக இருந்தாலும் இவை உங்களுக்குப் பயன்படாது. அவர்கள் ஒரே தொழிலைச் செய்தவர்கள், பேசுவதற்குப் பொதுவான மொழி அவர்களுக்கு இருந்தது. நாமோ வேலிக்கு இந்தப் பக்கம் நின்றவர்கள்.

உங்கள் கேள்விக்கு நெருக்கமானவர் பிரேசிலின் கோல்கீப்பர் பார்போசா. 1950 உலகக் கோப்பையில், மரக்கானா அரங்கில், உருகுவேயின் கிக்ஜியா அடித்த கோலால் பிரேசில் 1–2 என்று தோற்றது. பழி முழுவதும் பார்போசாவின் மேல் விழுந்தது. தன் நாட்டில் எந்தக் குற்றத்துக்கும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தண்டனை இல்லை, தானோ ஐம்பது ஆண்டுகளாக அனுபவிக்கிறேன் என்ற பொருளில் அவர் கடைசிக் காலத்தில் பேசியிருக்கிறார். 2000இல் இறந்தும் போனார். மறுபக்கம் பி.டி. உஷாவைப் பாருங்கள். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நூறில் ஒரு விநாடியில் வெண்கலத்தை இழந்தவர், அதைப் பற்றிப் பல பேட்டிகளில் தாமாகவே விரிவாகப் பேசியிருக்கிறார். உங்கள் கோல்கீப்பர் இந்த இருவரில் யாரைப் போன்றவர் என்பது உங்களுக்குத் தெரியாதபோது, அந்தக் கதவை அவரே திறக்கட்டும் என்று விட்டுவிடுவதுதான் மரியாதை.

நல்ல நினைவும் சில நேரம் ஆளை விழுங்கிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் கார்டன் பேங்க்ஸ் 1966இல் உலகக் கோப்பை வென்ற அணியின் கோல்கீப்பர். ஆனால் 1970இல் பெலேயின் தலையடியைத் தடுத்த அந்த ஒரு கணத்துக்காகத்தான் மக்கள் தன்னை நினைவில் வைத்திருப்பார்கள் என்று அவரே கூறியிருக்கிறார். இத்தனைக்கும் அந்த ஆட்டத்தில் பிரேசில் 1–0 என்று வென்றது. ஆகவே பெனால்டியைத் தடுத்ததையும் அளவோடு பேசிவிட்டு, தொழில் சார்ந்த கேள்வி ஒன்றைக் கேளுங்கள். அவர் ஆடிய காலம் 1992ஐத் தாண்டியது என்றால், சக ஆட்டக்காரர் வேண்டுமென்றே காலால் தட்டித் தரும் பந்தைக் கையால் எடுக்கக்கூடாது என்று அந்த ஆண்டில் வந்த விதி அவருடைய ஆட்டத்தை எப்படி மாற்றியது என்று கேட்டுப் பாருங்கள். அந்தத் தலைமுறை கோல்கீப்பர்கள் நடுவயதில் காலால் ஆடக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. இதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டு எழுந்து போகும் கோல்கீப்பரை நான் இதுவரை பார்த்ததில்லை.

பதில் 3 – எழுதியவர்: ஆறாவது தடம்

நான் மாறுபடுகிறேன். எனக்குப் பிடித்த ஓட்டப்பந்தய வீரர் ஒருவரை விமான நிலையத்தில் தற்செயலாகச் சந்தித்தேன். அவர் நிமிர்ந்தே பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தாளை நீட்டினார். அவர் களைப்பில் இருந்திருக்கலாம், அவர் மேல் தவறு சொல்லவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு அவருடைய பழைய ஓட்டங்களின் காணொளிகளை இரண்டு ஆண்டுகள் என்னால் பார்க்க முடியவில்லை. உங்களிடம் இருக்கும் அந்த அரையிறுதிக் காட்சி அவ்வளவு விலை உயர்ந்தது என்றால், அதைப் பணயம் வைக்க வேண்டுமா என்று இன்னொரு முறை யோசியுங்கள்.

கேட்டவரின் மறுமொழி – வேலியோரம்

சந்திப்பு நேற்று நடந்து முடிந்தது. ஆறாவது தடம் நண்பரின் எச்சரிக்கை கடைசி நிமிடம் வரை மனத்தில் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

கை குலுக்கியபோது, அவருடைய வலக்கை மோதிர விரல் நடுக்கணுவிலிருந்து வெளிப்பக்கமாக வளைந்திருந்ததை முதலில் உணர்ந்தேன், பிறகுதான் பார்த்தேன். புகைப்படத்தை உடனே முடித்துவிட்டோம். 1992 விதியைப் பற்றிக் கேட்டதும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, இடது காலால் பந்தை நேராக அனுப்பப் பழகுவதற்காக ஒரு கோடை முழுவதும் சுவரோடு ஆடியதைச் சொன்னார்.

பிறகு நோட்டைக் கொடுத்தேன். அரையிறுதிப் பக்கம் வந்ததும், அந்தத் தோளில் வைத்த கை எனக்கு எவ்வளவு பெரிய பாடமாக இருந்தது என்பதை, பலநாள் ஒத்திகை பார்த்த சொற்களில் சொன்னேன். அவர் படத்தைக் கண்ணருகே தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். ஆறுதல் எல்லாம் இல்லையாம், ஒரு கோல் முன்னிலை என்பதால் நேரத்தைக் கடத்தினாராம். குனிந்து சொன்னது, “மெதுவாக எழுந்திரு, அவசரமில்லை” என்பதுதானாம். முப்பத்து மூன்று ஆண்டுகளாக நான் சுமந்த அளவுகோல் கண்முன்னே உடைந்தது. ஆனால் நான்தான் அவரைவிட அதிகமாகச் சிரித்தேன்.

இறுதி ஆட்டத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. நோட்டுதான் திறந்துவிட்டது. அரையிறுதிக்கு அடுத்த பக்கங்கள் வெறுமையாக இருந்தன, ஏனென்றால் அந்த இறுதி ஆட்டத்துக்குப் பிறகு நான் எதையும் ஒட்டவில்லை. அவர் ஒன்று, இரண்டு, மூன்று என்று தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதோடு நிறுத்திவிட்டீர்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அன்று காலையில் புதுக் கையுறை வந்ததாகவும், பழையதையே போட்டுக்கொண்டு இறங்கியிருக்கலாம் என்றும், அதுவும்கூட ஒரு சாக்குத்தான் என்றும் சொன்னார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வெளியே ஒலிபெருக்கியில் அவர் பெயரை அழைத்துவிட்டார்கள். கையெழுத்துக்காகப் பேனாவை நீட்டினேன். அவர் அரையிறுதிக்கு எதிரே இருந்த வெறும் பக்கத்தை எடுத்து, நான் மற்றப் பக்கங்களில் எழுதியிருந்தது போலவே, தலைப்பில் அந்த இறுதி ஆட்டத்தின் தேதியை யாரையும் கேட்காமல் எழுதினார், பக்கத்தில் 0–1 என்று எழுதினார், கீழே என் பெயரையும் போட்டுக் கையெழுத்திட்டுவிட்டு மேடைக்குப் போனார்.

பழைய தன்னார்வலருக்கு: பால்பாயிண்ட் பேனாதான், பின்பக்கம் ஊறவில்லை.