பென்சில்வேனியாவிலிருந்து நியூஜெர்சிக்கு ஃபிளின்ட்லாக் துப்பாக்கியைத் தபாலில் அனுப்பலாமா?

லான்காஸ்டர்_தமிழன்:
வணக்கம். என்னிடம் 50 காலிபர் ஃபிளின்ட்லாக் நீளத் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. குழல் வாய் வழியாக மருந்து கெட்டித்து, தீக்கல் பொறியில் சுடுகிற பழைய மாதிரி. பழங்காலத்ததல்ல, பாகங்களாக வாங்கிப் பொருத்தியது. இங்கே கிறிஸ்துமஸுக்கு அடுத்த நாள் தொடங்கும் ஃபிளின்ட்லாக் மான் வேட்டைப் பருவத்துக்காக, பக்கத்து வீட்டுப் பெரியவரிடமிருந்து வாங்கினேன். இப்போது முதுகுவலி, காட்டில் நடக்க முடியவில்லை. நியூஜெர்சியில் இருக்கும் நண்பனுக்குக் கொடுக்க நினைக்கிறேன்.

பெட்டியோடு தபால் நிலையத்துக்குப் போனேன். "துப்பாக்கியா? உரிமம் உள்ள வியாபாரி வழியாகத்தான் அனுப்ப வேண்டும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இது சட்டப்படி துப்பாக்கியே இல்லை என்று நண்பன் சொல்கிறான். யார் சொல்வது சரி?

தீக்கல்:
இருவர் சொல்வதிலும் பாதி உண்மை. 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் 'பழம்பொருள் துப்பாக்கி' என்று ஒரு வகை உண்டு. அதில் வருவது மத்தியச் சட்டத்தின் கணக்கில் துப்பாக்கி ஆகாது. 1898இலோ அதற்கு முன்போ செய்தவை அதில் வரும். புதிதாகச் செய்திருந்தாலும், கருமருந்தையோ அதற்கு மாற்றையோ வாய் வழியாகக் கெட்டித்துச் சுடுவதற்கென்றே வடிவமைத்து, தோட்டா போட வழியில்லாத நீளத் துப்பாக்கியும் வரும். உங்களுடையது இந்த இரண்டாவது வகை.

அதனால் மத்தியச் சட்டத்தைப் பொறுத்தவரை இன்னொரு மாநிலத்தவருக்கு நேரடியாக அனுப்பத் தடையில்லை. தபால் துறையின் 52ஆம் வெளியீட்டில் 43ஆம் பிரிவை அச்செடுத்துக் கையில் கொண்டுபோங்கள். முகப்பில் இருப்பவர் தினமும் நூறு பார்சல் பார்க்கிறார், இந்த விதிவிலக்கு அவருக்கு நினைவில் இல்லாமல் போவது இயல்பு. கோபப்படாமல் மேலாளரைக் கேளுங்கள்.

ஆனால் மாநிலச் சட்டம் தனி. நியூஜெர்சி என்றதும் எனக்குக் கொஞ்சம் பயம்.

கேம்டன்_அக்கா:
பயப்பட வேண்டியதுதான் தம்பி. நான் நியூஜெர்சியில்தான் இருக்கிறேன். வாய்வழிக் கெட்டிப்பு நீளத் துப்பாக்கி வாங்கவும் இங்கே வாங்குபவருக்கான அடையாள அட்டை வேண்டும். ஊர்க் காவல்துறையிடம் விண்ணப்பித்து, கைரேகை கொடுத்து வாங்க வேண்டும். மத்தியச் சட்டம் விட்டுவிட்டது என்று நினைத்து நேரே வீட்டுக்கு வரவழைத்தால் மாட்டிக்கொள்வது உங்கள் நண்பர்தான்.

முதலில் அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், அவர் ஊரில் உரிமம் உள்ள ஒரு கடைக்காரரிடம் பேசச் சொல்லி, அந்தக் கடை முகவரிக்கே அனுப்புங்கள். கொஞ்சம் பணம் கேட்பார்கள். ஆனால் காகிதம் சுத்தமாக இருக்கும்.

என்கோர்50:
இதே கேள்வியில் என் பங்கு. என்னிடம் இருப்பது தாம்சன் சென்டர் நிறுவனத்தின் என்கோர் துப்பாக்கி, வாய்வழிக் குழலோடு வாங்கியது. இதையும் அப்படியே அனுப்பலாம்தானே?

தீக்கல்:
கூடாது. என்கோரின் உடற்பகுதியில் குழலை மாற்றினால் தோட்டா சுடலாம். அதனால் எந்தக் குழல் மாட்டியிருந்தாலும் அது துப்பாக்கிதான் என்பது மத்தியத் துப்பாக்கித் துறையின் நிலைப்பாடு. ரெமிங்டன் 870, மாஸ்பெர்க் 500 என்ற துப்பாக்கிகளில் வாய்வழிக் குழல் மாட்டினாலும் அதே கதை. வேறு மாநிலத்தவருக்கு என்றால் உரிமம் பெற்ற வியாபாரிக்குத்தான் அனுப்ப வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள்.

லான்காஸ்டர்_தமிழன்:
நன்றி அக்கா. நண்பனிடம் அட்டை இருக்கிறது, கடையும் பேசிவிட்டான். மீதமிருக்கும் முக்கால் டப்பா கருமருந்தையும் அதே பெட்டியில் வைத்துவிடட்டுமா?

தீக்கல்:
வேண்டவே வேண்டாம்! கருமருந்து வெடிபொருள். அதைத் தபாலில் அனுப்புவது குற்றம். பெர்கஷன் கேப்பும் (அடித்தால் பொறி தரும் சின்ன உலோக மூடி) அப்படியே. தீக்கல், தோல் பை, அளவுக் கிண்ணம் வைக்கலாம். கிண்ணத்தைத் துடைத்து வையுங்கள்.

இன்னொன்று. குழல் காலியா என்று பார்த்தீர்களா? வாய்வழித் துப்பாக்கியைத் திறந்து பார்க்க முடியாது. கெட்டிக்கும் கோலைக் குழலில் அடிவரை விட்டு, வாயருகே பென்சிலால் கோடு போடுங்கள். கோலை எடுத்துக் குழலின் வெளிப்பக்கம், கோடு வாய்க்கு நேராக வரும்படி வைத்துப் பாருங்கள். கோலின் நுனி தீத்துளை (பொறி உள்ளே போகும் சின்னத் துளை) வரை எட்டினால் காலி. எட்டாவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. முதலில் தீக்கல்லைக் கழற்றிவிடுங்கள். வாய்க்கு நேரே முகத்தைக் கொண்டுபோகாதீர்கள்.

தேனிக்காரன்:
இதைப் படித்ததும் தாத்தா ஞாபகம். தேனிப் பக்கம் அவரிடம் உரிமத்தோடு நாட்டுத் துப்பாக்கி இருந்தது. தேர்தல் அறிவித்தால் துணியில் சுற்றிக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார். கெட்டித்ததை மறந்து சுவரில் சாய்த்துவிட்டு ஒருமுறை வீடே நடுங்கியது. அந்தப் பென்சில் கோட்டை யாரும் விட்டுவிடாதீர்கள்.

லான்காஸ்டர்_தமிழன்:
கை இன்னும் நடுங்குகிறது. கோல் தீத்துளைக்கு இரண்டு அங்குலம் முன்பே நின்றுவிட்டது. மூன்று முறை அளந்தேன். குண்டும் மருந்தும் உள்ளேயே இருக்கின்றன. இதைத்தான் அன்று கார் பின்சீட்டில் வைத்துத் தபால் நிலையம் வரை கொண்டுபோனேன். மகள் முன்சீட்டில் இருந்தாள்.

தீக்கல்:
நல்லவேளை அன்று வாங்காமல் விட்டார்கள். நீங்களே நோண்டாதீர்கள். துப்பாக்கி பழுது பார்ப்பவரை முதலில் போனில் கூப்பிட்டு, உள்ளே மருந்து இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அவர் சொல்கிறபடி செய்யுங்கள்.

லான்காஸ்டர்_தமிழன்:
வியாழக்கிழமை முடிந்தது. தீத்துளையில் ஒரு சின்னக் கருவியைப் பொருத்தி, கரியமில வாயுவை அழுத்தினார். குண்டு தொப்பென்று வெளியே வந்தது. மருந்து கட்டியாகி, ஈரச் சாம்பல் போல இருந்தது. குழலைக் கழுவி எண்ணெய் போட்டுக் கொடுத்தார்.

இன்று தபால் நிலையத்தில் அச்செடுத்த பக்கத்தைக் காட்டினேன். மேலாளர் படித்துப் பார்த்தார். குண்டு இல்லை என்று எழுத்தில் கேட்டால் தருவதற்குக் கடிதமும் வைத்திருந்தேன். பெட்டியின் மேல் உள்ளே என்ன என்று தெரியும்படி எதுவும் எழுதவில்லை. கண்காணிப்பு எண்ணோடு, கையெழுத்து வாங்கித் தரும் சேவையில் அனுப்பினேன். 62 அங்குல நீளப் பெட்டி என்பதால் கூடுதல் கட்டணம் போட்டார்கள். மருந்து டப்பாவைப் பக்கத்து வீட்டுப் பெரியவரே திரும்ப வாங்கிக்கொண்டார்.