ஆள்மாறாட்ட நாடகம் மேடையேற்றுவோர் கவனத்துக்கு: அனுபவப் பகிர்வு

இயக்குநர்:
ஆள்மாறாட்டக் கதையில் குழம்ப வேண்டியது பாத்திரங்கள் மட்டும்தான். பார்க்க வந்தவர் "இது எந்த ஆளு?" என்று பக்கத்து இருக்கையைக் கேட்க ஆரம்பித்தால் அடுத்த இரண்டு சிரிப்பும் போச்சு. முதல் ஒத்திகைக்கு முன்பே பெரிய தாளில் கட்டம் போடுங்கள்: மேலே காட்சிகள், இடது பக்கம் பாத்திரங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே வரி: எதிரில் நிற்பவரை இவர் யாரென்று நம்புகிறார்? "இப்ப எனக்கு உண்மை தெரியுமா?" என்று நடிகர்கள் தினமும் கேட்பார்கள், தாள் சுவரிலேயே இருக்கட்டும்.

இரட்டையர் கதை என்றால் முகச்சாயல் தேடி அலைய வேண்டாம். ஒரே சட்டை, ஒரே தொப்பி போதும். பார்வையாளருக்கு மட்டும் ஓர் அடையாளம் கொடுங்கள், ஒருவர் பையில் சிவப்புக் கைக்குட்டை மாதிரி. ஷேக்ஸ்பியரின் 'தி காமெடி ஆஃப் எர்ரர்ஸ்' நாடகத்தில் இரண்டு ஜோடி இரட்டையரும் கடைசிக் காட்சியில்தான் நேருக்கு நேர் நிற்கிறார்கள். அதனால் ஜோடிக்கு ஒரு நடிகரை வைத்தே ஓட்டலாம். கடைசிக் காட்சிக்கு முதுகு காட்டி நிற்க அதே உயரத்தில் ஜோடிக்கு ஓர் ஆள் வேண்டும். மூன்றாம் அங்கத்தில் இரட்டை வேலைக்காரர்கள் கதவுக்கு இரு பக்கமும் நின்று பேசுவார்கள், ஆகவே அந்தப் பக்கமிருந்து வரும் குரலுக்கும் வேறு ஆள் வேண்டும். இதைப் பலர் கடைசி வாரத்தில்தான் கவனிக்கிறார்கள்.

செட் பொறுப்பாளர்:
கதவைப் பற்றி யாராவது சொல்லியே ஆக வேண்டும். துணி அடித்த தட்டியில் கதவு மாட்டினால், ஒரு முறை அறைந்து சாத்தியதும் வீடே ஆடும். நிலை முழு மரத்தில் இருக்கட்டும். பின்பக்கம் இரு ஓரத்திலும் சாய்வு முட்டுக் கொடுத்து அடியில் மணல் மூட்டை வையுங்கள். பக்கச் சுவர்க் கதவு என்றால் கீல் மேடையின் பின்புற ஓரத்தில், கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். அப்போதுதான் திறந்த கணமே முகம் தெரியும். சாதாரணத் தாழ்ப்பாள் வேண்டாம், அவசரத்தில் மாட்டிக்கொள்ளும். எதுவுமே இல்லாவிட்டால் அறைந்த கதவு திரும்பி வந்து, ஒளிந்திருப்பவரைக் காட்டிக்கொடுத்துவிடும். கதவைக் காந்தத்தால் பிடித்து வைக்கும் மேக்னட் கேட்ச் சரியாக இருக்கும். பூட்டிய கதவை நடிப்பால் காட்டுங்கள், நிஜமாகப் பூட்டாதீர்கள்.

நாடக நாளுக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்னாடியே கதவுகள் ஒத்திகைக்குக் கிடைக்க வேண்டும். வசனமே இல்லாமல், உள்ளே வருவதும் வெளியே போவதும் மட்டுமாக ஒரு முழு ஓட்டம் விடுங்கள். இடது கதவில் போனவர் வலது கதவில் வர எத்தனை நொடி ஆகிறது, பின்னால் இருட்டில் யாரோடு மோதுகிறார் என்பதெல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும். நேரம் போதவில்லையா? ஆளை விரட்டாதீர்கள், மேடையில் இருப்பவருக்கு இரண்டு வரி கூட்டுங்கள்.

உடைப் பொறுப்பாளர்:
மேலே சொன்ன அந்த நொடிக்கணக்கு வந்த பிறகுதான் நாங்கள் தைக்கவே ஆரம்பிக்க முடியும். முப்பது நொடிக்குள் மாற்ற வேண்டுமானால் பொத்தான்கள் வெறும் அலங்காரம், உள்ளே வெல்க்ரோ. அடுத்த உடையை முடிந்தவரை அடியிலேயே போட்டு அனுப்புங்கள். ஷூவுக்கு நாடாவுக்குப் பதில் எலாஸ்டிக். உதவிக்கு இருவர்: ஒருவர் கழற்ற, ஒருவர் மாட்ட. வெல்க்ரோ பிரியும் சத்தம் முன்வரிசை வரை கேட்கும், ஆகவே மாற்றும் இடம் விங்குக்கு (மேடையின் பக்கவாட்டு மறைவிடம்) ஒட்டி இருக்கக் கூடாது.

ஒரே மாதிரி இரண்டு பெட்டி வரும் கதைக்கு: அடியில் வேறு வேறு நிற டேப் ஒட்டி, மேடைக்குப் பின்னால் பொருள்கள் வைக்கும் மேசையிலும் அதே நிறத்தில் இடம் குறித்துவிடுங்கள்.

மூத்த நடிகர்:
சிரிப்பு ஏறும்போது பேசாதீர்கள், முழுக்க அடங்கும்வரையும் நிற்காதீர்கள். உச்சம் தாண்டி இறங்கத் தொடங்கும்போது அடுத்த வரி. நடுவில் சிலையாக நிற்காமல் பெட்டியைத் தேடுவதையோ ஜன்னலை எட்டிப் பார்ப்பதையோ தொடருங்கள். நேற்றைக்குச் சிரித்த இடத்தில் இன்றைக்குச் சத்தமே இல்லையென்றால் காத்திருக்காமல் அடுத்த வரிக்கு ஓடிவிடுங்கள்.