மூன்றாம் முறை கழற்றிய முன் ஆக்ஸில்

நாற்பது வயதைக் கடந்த ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்றை நான்கு ஆண்டுகளாக வீட்டுக் கொட்டகையில் வைத்துச் சீர் செய்து வருகிறேன். எஞ்சின், சேஸிஸ், பிரேக் என்று பல வேலைகளைப் பார்த்திருந்தாலும், எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது இடது முன் சக்கரத்தின் உட்புறம் படிந்த கரிய எண்ணெய்க் கறைதான்.

இவ்வகைப் பழைய வண்டிகள் பலவற்றில் முன் ஆக்ஸிலின், அதாவது முன் சக்கரங்களைத் தாங்கும் அச்சின், இரு முனைகளிலும் உருண்டையான கூடு ஒன்று இருக்கும். சக்கரம் திரும்பவும் வேண்டும், திரும்பியபடியே சுழலவும் வேண்டும் என்பதால் அதற்கான இணைப்பு அந்தக் கூட்டுக்குள் அடங்கியிருக்கிறது. 1948-இல் அறிமுகமான லேண்ட் ரோவரின் பழைய வரிசை வண்டிகள் பலவற்றில் அங்கே யுனிவர்சல் ஜாயின்டும் கியர் ஆயிலும் இருக்கும். 1960 முதல் 1984 வரை வந்த டொயோட்டா லேண்ட் க்ரூசர் 40 வரிசையில் குண்டுகள் பதித்த சி.வி. ஜாயின்டும் கிரீஸும் இருக்கும். என் வண்டியின் அமைப்பு இரண்டாவது வகையைச் சேர்ந்தது. இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலில் உள்ள கியர் ஆயில் கூட்டுக்குள் வராமல் தடுப்பது, சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்டைச் சுற்றி அமர்ந்திருக்கும் சிறிய ஆயில் சீல் ஒன்றுதான். அது விட்டுவிட்டால் ஆயில் புகுந்து கிரீஸைக் கரைக்க, அந்தக் கரிய கூழ் வெளிச் சீலையும் தாண்டி வழியும். பிரேக் ஷூவையும் நனைத்துவிடும் என்பதால் இதை அழகுக் குறையாக மட்டும் எண்ணிவிடக் கூடாது.

முதல் முறை கழற்றியபோது என்னைத் திணறடித்தவை ஸ்டீயரிங் கையைப் பிடித்திருக்கும் கூம்பு வாஷர்கள். இரும்புச் சுத்தியலால் அடித்து இரண்டு ஸ்டட்களின், அதாவது நட் ஏறும் முளைகளின், மரையைக் கெடுத்த பிறகே சரியான முறை தெரிந்தது. நட்டை முழுவதும் எடுத்துவிடாமல் ஸ்டட்டின் நுனி வரை தளர்த்தி, அதன் தலையில் பித்தளைக் கம்பியை வைத்து ஓங்கி ஓர் அடி அடித்தால் வாஷர் தானாகத் துள்ளி வெளியே வரும். கூடு திரும்ப உதவும் மேல் பேரிங்கின் ஷிம்களையும் கீழ் பேரிங்கின் ஷிம்களையும் கலந்துவிடாமல் தனித்தனிப் பைகளில் பெயர் எழுதி வைப்பது நல்லது. பேரிங்கின் இறுக்கத்தை முடிவு செய்பவை அந்த மெல்லிய தகடுகளே. திரும்பப் பூட்டும்போது ஸ்டீயரிங் கையின் நுனியில் வில் தராசைக் கட்டி இழுத்து, கையேடு சொல்லும் எடை வருகிறதா என்று பார்த்தேன். இரு பக்கமும் ஸ்டாண்டு வைக்காமல் ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே நான் ஒருபோதும் போனதில்லை. பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால் டிரம்மிலிருந்த தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுத்தேன்.

புதிய சீல் போட்டு மூன்று மாதம் ஆவதற்குள் கறை மீண்டும் வந்தது. இரண்டாம் முறை கழற்றி ஷாஃப்டை நகத்தால் தடவிப் பார்த்தபோது, சீலின் உதடு இத்தனை ஆண்டுகளாக உராய்ந்த இடத்தில் மெல்லிய பள்ளம் ஒன்று நகத்தில் தட்டியது. அதுதான் காரணம் என்று உறுதியாக நம்பி, உதடு தேயாத பரப்பில் படும்படி புதிய சீலைச் சற்றே ஆழமாகத் தட்டி அமர்த்தினேன். அதன் பிறகும் கசிந்தது. ஆனால் இம்முறை ஒன்றைக் கவனித்தேன்: பக்கத்தில் போய்வரும் நாட்களில் கூடு காய்ந்தே இருந்தது, நீண்ட தூரம் ஓடி வந்த மாலைகளில் மட்டும் ஈரமாக இருந்தது.

இவ்வகை வண்டிகளில் பல்லாண்டு வேலை பார்த்த பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் சீலைப் பற்றிப் பேசவே இல்லை. “தம்பி, ஆக்ஸில் மூச்சு விடுதா? பிரீதரைப் பாத்தீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

அன்று மாலையே வண்டியை ஓட்டிவந்து, ஆக்ஸில் சூடாக இருக்கும்போதே கீழே படுத்துப் பார்த்தேன். ஆக்ஸில் குழாயின் மேற்புறம் கட்டைவிரல் நகமளவு மூடி ஒன்று இருந்தது. உள்ளே இருக்கும் காற்று போய்வர வழிவிடும் பிரீதர் அதுதான். விரலால் தொட்டால் அது லேசாக ஆட வேண்டும், ஆடவில்லை. முதல் ஆண்டில் துருவைச் சுரண்டி ஆக்ஸிலுக்கு நான் பூசிய கறுப்பு வண்ணம், அதன் விளிம்பைச் சுற்றி இறுகிக் கிடந்தது. ஸ்பேனரால் அரைச் சுற்றுத் தளர்த்தியதும் உள்ளிருந்து காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஓடும்போது சூடேறி விரிந்த காற்று போக வழியில்லாமல், இருப்பதிலேயே மென்மையான சீலின் உதட்டைத் தள்ளிக்கொண்டு ஆயிலோடு வெளியே வந்திருக்கிறது. சூடான ஆக்ஸிலோடு தண்ணீரில் இறங்கினால் இதுவே தலைகீழாக நடக்கும்: உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும், ஆயில் பால் கலந்ததுபோல் வெளிறிவிடும்.

மூடியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ரப்பர் குழாய் ஒன்றைப் பொருத்தி, எஞ்சின் அறையின் உயரமான மூலை வரை கொண்டுபோய்க் கட்டினேன். பிறகு மூன்றாம் முறையாகக் கழற்றிச் சீலை மாற்றினேன். இரண்டு ஆண்டுகளாகக் கூடு காய்ந்தே இருக்கிறது. பின் ஆக்ஸிலின் மூடியையும் அப்போதே தொட்டுப் பார்த்தேன். அதுவும் ஆடவில்லை.