ஒரே ஆர்டருக்கு மூன்று முறை இருப்பு குறைகிறது: சர்வீஸ் பஸ் கோளாறா?

கிடங்குக்காரன்:
வணக்கம். எங்கள் நிறுவனத்தில் ஆர்டர், சரக்கிருப்பு, பில் மூன்றும் தனித்தனிச் சேவைகள், அதாவது தனியே ஓடும் நிரல்கள். சோப் 1.1 (SOAP, எக்ஸ்எம்எல் செய்தி வடிவம்) வழியாகப் பேசிக்கொள்கின்றன; நடுவில் செய்திகளைக் கொண்டுசேர்க்க ஒரு சர்வீஸ் பஸ். நேற்று 4 சட்டைக்கு வந்த ஆர்டருக்கு இருப்பில் 12 குறைந்துவிட்டது. பில் மட்டும் சரியாக 4 சட்டைக்குத்தான். சரக்கிருப்புச் சேவையின் லாக் (நிகழ்வுப் பதிவு):

10:42:07 கழி 4
10:42:37 கழி 4
10:43:07 கழி 4

எல்லாவற்றையும் மீண்டும் ஒரே நிரலாக்கிவிடலாமா என்று மேலாளர் கேட்கிறார்.

இரவுப்பணி:
பஸ் பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தை (டைம்அவுட்) 2 நிமிடமாக்குங்கள். எங்களுக்கு அதோடு சரியாயிற்று.

பழையசோறு:
அது தைலம் தடவுகிற வைத்தியம். இடைவெளியைப் பாருங்கள், பிசகாமல் 30 வினாடி. ஆள் அழுத்தினால் அப்படி வராது. பஸ் 30 வினாடி காத்திருந்து, பதில் இல்லாததால் மறுபடி அனுப்பியிருக்கிறது. பதில் வரவில்லை என்றால் வேலை நடக்கவில்லை என்று பொருளல்ல. சோப் போவது ஹெச்டிடிபி போஸ்ட்டில்; ஒரே கோரிக்கை இருமுறை வந்ததா என்று அது பார்க்காது. திரும்ப அனுப்பினால் திரும்பக் கழியும்.

ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் எண் கொடுங்கள். இருப்பைக் கழிக்கிற அதே பரிவர்த்தனைக்குள் (நடந்தால் எல்லாம் சேர்ந்து நடக்கும், இல்லாவிட்டால் எதுவும் நடக்காது) அந்த எண்ணும் ஓர் அட்டவணையில் பதிவாகட்டும், ஒரே எண் இருமுறை ஏறவிடாத யூனிக் கட்டுப்பாட்டோடு. எண் ஏற்கெனவே இருந்தால் பழைய பதிலையே கொடுங்கள். பிழை என்று சொன்னால் பஸ் இன்னொரு முறை கிளம்பிவரும்.

மேலாளர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒரே தரவுத்தளத்தில் இருந்தவரை இந்தக் காவல் வேலையை அது பார்த்துக்கொண்டது. பிரித்த பிறகு நம் தலையில்.

கிடங்குக்காரன்:
செய்துவிட்டேன். ஆனால் சோதனையில் இன்னும் மும்முறை கழிகிறது! சோப் தலைப்பகுதியில் உள்ள மெசேஜ் ஐடியைத்தான் எண்ணாக எடுத்தேன்.

பழையசோறு:
மூன்று செய்திகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பஸ் ஒவ்வொரு முயற்சிக்கும் புது ஐடி போடுகிறதோ?

கிடங்குக்காரன்:
அதேதான், மூன்றும் வேறு வேறு. ஆர்டர் எண்ணையே வைத்துக்கொள்ளட்டுமா?

பழையசோறு:
வேண்டாம். நாளை அதே ஆர்டரில் இன்னும் 2 சட்டை சேர்த்தால், பழையது என்று தள்ளிவிடும். வாடிக்கையாளர் பொத்தானை அழுத்தும்போதே ஆர்டர் சேவை ஓர் எண்ணை உருவாக்கிச் செய்தியின் உடலுக்குள் வைக்கட்டும்.

கிடங்குக்காரன்:
சரியாகிவிட்டது, நன்றி. கழித்த பின், பதில் அனுப்புமுன் சேவையை வேண்டுமென்றே 40 வினாடி தூங்கவைத்தேன். இரண்டாவது கோரிக்கைக்குப் பழைய பதில் உடனே போனது. இருப்பு 4 மட்டுமே குறைந்தது. நேற்று தொலைந்த 8 சட்டையைக் கையால் ஏற்றிவிட்டேன். நேற்று அந்த நேரத்தில் ஓடிய இருப்பு அறிக்கைதான் இருப்பு அட்டவணையைப் பூட்டிவைத்துப் பதிலைத் தாமதப்படுத்தியதாம். இனி அதை இரவில் ஓட்டுகிறோம்.