மறுமொழி: டிரெய்லர் விளக்கு வயரிங்கில் 'எர்த்'துக்கு என்ன சொல்? 'மீள்வழி' என்பது என் முன்மொழிவு

அன்பு நண்பர்களுக்கு வணக்கம். வண்டி வயரிங் கையேட்டில் 'எர்த்' என்பதற்கு 'மீள்வழி' (மின்சாரம் திரும்பி வரும் வழி) என்று எழுதலாம் என்று முன்மொழிந்திருந்தேன். அதற்கு வந்த கேள்விகளுக்குப் பதில் இது.

> எர்த் என்றால் புவித்தொடுப்பு. சொல் ஏற்கெனவே இருக்கிறதே, வண்டிக்கு மட்டும் தனியாக இன்னொன்று எதற்கு?

வேண்டும் ஐயா. வீட்டில் எர்த் கம்பி மண்ணில் புதைத்த குழாயோடு போய்ச் சேர்கிறது. எல்லாம் ஒழுங்காக இருந்தால் அதில் மின்சாரம் ஓடாது. எங்காவது கசிந்தால் ஆளைக் காப்பாற்றத்தான் அது இருக்கிறது. வண்டியில் நிலைமை நேர்மாறு. ரப்பர் டயரில் நிற்கும் வண்டிக்கும் மண்ணுக்கும் என்ன தொடுப்பு? பேட்டரியின் எதிர்முனையை (நெகட்டிவ்) இரும்பு பாடியில் முடுக்கிவிட்டு, அந்த பாடியையே எல்லா விளக்குக்கும் திரும்பும் பாதையாக வைத்திருக்கிறார்கள். விளக்கு எரிகிற நேரமெல்லாம் அதில் மின்சாரம் ஓடியே ஆக வேண்டும். வீட்டு எர்த்தில் ஓடினால் ஆபத்து, வண்டி எர்த்தில் ஓடாவிட்டால் கோளாறு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துக் கையேடு எழுதினால், ஐ.டி.ஐ. முடித்து வருகிற பையன் குழம்பத்தான் செய்வான்.

குழப்பம் ஏட்டோடு நிற்பதில்லை. வீட்டு வயரிங் பழகியவன் கை எர்த் என்றதும் பச்சைக் கம்பிக்குத்தான் போகும். இழுக்கும் வண்டியிலிருந்து டிரெய்லர் விளக்குகளுக்கு மின்சாரம் கொண்டுபோகும் ஏழு பின் பிளக்கில் பச்சை என்பது நான்காம் பின், வலது இண்டிகேட்டர். பாடிக்குப் போக வேண்டியது மூன்றாம் பின்னில் வரும் வெள்ளைக் கம்பி. பச்சையைக் கொண்டுபோய் பாடியில் முடுக்கினால், வலப்பக்கம் இண்டிகேட்டர் போட்ட உடனே ஃபியூஸ் போய்விடும்.

எங்கள் ஊர் அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். மண்டைக்காடு அம்மன் கோயில் கொடைத் திருவிழா நேரத்தில் பழைய டாடா சுமோவின் பின்னால் ஜெனரேட்டர் டிரெய்லரைக் கட்டி இழுத்து வந்திருந்தார் ஒரு பந்தல்காரர். பிரேக்கை மிதித்தால் டிரெய்லரில் பிரேக் லைட் எரியவில்லை. அதற்குப் பதில் பார்க் லைட் மங்கலாக மின்னியது. இடது இண்டிகேட்டர் போட்டாலும் அதே கதைதான். பல்பு மாற்றியாயிற்று, ஃபியூஸ் பார்த்தாயிற்று. அப்புறம் மெக்கானிக் அண்ணாச்சி ஒரு நீளக் கம்பியை எடுத்து, ஒரு முனையை சுமோ பேட்டரியின் எதிர்முனையிலும் மறு முனையை டிரெய்லர் விளக்கின் அடிப்பாகத்திலும் தொட்டார். எல்லா விளக்கும் பளிச்சென்று எரிந்தன. வெள்ளைக் கம்பி டிரெய்லர் சட்டத்தில் சேரும் போல்ட்டைக் கழற்றினால், வாஷருக்கு அடியில் துரு பொருக்குப் பொருக்காக நிற்கிறது. கம்பியின் நுனி முழுக்கப் பச்சைக் களிம்பு. கடல் பக்கத்து உப்புக்காற்றின் வேலை. சுரண்டி, உப்புத்தாள் போட்டு இரும்பு மினுங்கும்வரை தேய்த்து, கம்பி நுனியில் புது லக் (போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) வைத்து முடுக்கி, மேலே கிரீஸ் பூசினார். சரியாகிவிட்டது.

அங்கே நடந்தது இதுதான். திரும்பும் வழி அடைபட்டதும், பல்பின் பிரேக் இழைக்குள் (ஃபிலமென்ட்) போன மின்சாரம் அதே விளக்கில் இருக்கும் பார்க் இழை வழியாகப் பின்னோக்கிப் புகுந்து, பார்க் கம்பியில் ஏறி, சுமோவின் சொந்த பார்க் விளக்குகள் வழியே பாடிக்குப் போய்ச் சேர்ந்தது. பல இழைகளைக் கடந்து போனதால்தான் மங்கல். 'புவித்தொடுப்பு சரியில்லை' என்று சொன்னால் இது யாருக்கும் விளங்காது. 'மீள்வழி அடைபட்டிருக்கிறது' என்று சொல்லிப் பாருங்கள், மின்சாரம் ஏன் வேறு வழி தேடியது என்பது சொல்லிலேயே இருக்கிறது.

> எதிர்க்கம்பி என்று வைத்தால் எளிமையாக இருக்குமே.

அது முனையின் பெயர், வழியின் பெயர் அல்ல. பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் நேர்முனையைத்தான் பாடியில் சேர்த்திருந்தார்கள். அங்கே எதிர்க்கம்பி என்றால் வேறு கம்பிக்குப் போய்விடும். சுவிட்சும் ஃபியூஸும் இருக்கும் பக்கம் போகும் வழி, எல்லா விளக்கும் பொதுவாகச் சேரும் பக்கம் மீள்வழி என்று வரையறுத்துவிட்டால், எந்த முனை பாடியில் இருந்தாலும் பாதகமில்லை.

இந்தச் சொல்லால் இன்னொரு லாபமும் உண்டு. டிரெய்லரில் பிரேக்குக்கு 21 வாட் பல்பு இரண்டு, பார்க்குக்கு 5 வாட் இரண்டு, நம்பர் பிளேட்டுக்கு 5 வாட் ஒன்று, ஒரு பக்க இண்டிகேட்டருக்கு 21 வாட் ஒன்று. இரவில் பிரேக் மிதித்துக்கொண்டே திரும்பினால் மொத்தம் 78 வாட்; 12 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர். போகும்போது பல கம்பிகளில் பிரிந்து போகிற அத்தனையும் திரும்புவது ஒரே வெள்ளைக் கம்பியில். அதனால் மற்ற கம்பிகளை 1.5 சதுர மில்லிமீட்டரில் இழுத்தால் இதை 2.5-இல் இழுக்க வேண்டும். நம் பக்கம் பலரும் செய்வது தலைகீழ்: எர்த்துதானே என்று கையில் கிடைத்த மெல்லிய கம்பியைப் போடுகிறார்கள், அல்லது கம்பியே இல்லாமல் டிரெய்லரை வண்டியோடு மாட்டும் கொக்கியின் இரும்பையே நம்பிவிடுகிறார்கள். கொக்கிக் குமிழில் கிரீஸும் துருவும் இருக்கும். வண்டி குலுங்கும்போதெல்லாம் தொடர்பு விட்டு விட்டு வரும். மீள்வழி என்ற பெயரைக் கேட்டவன் 'எதன் வழியாக மீளுகிறது?' என்று ஒரு தரமாவது யோசிப்பான்.

> பட்டறையில் எல்லோரும் எர்த் என்றுதானே சொல்கிறார்கள். அப்படியே விட்டால் என்ன?

பேச்சில் இருக்கட்டும், அதை யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் பேச்சிலேயே அந்தச் சொல் இரண்டு பக்கம் இழுபடுகிறது. கிரைண்டரைத் தொட்டு ஷாக் வந்தால் 'எர்த் அடிக்குது' என்கிறோம். விளக்கு எரியாவிட்டால் 'எர்த் இல்ல' என்கிறோம். கையேட்டில் இந்த இழுபறி கூடாது. முதல் தடவை வரும் இடத்தில் 'மீள்வழி, பட்டறைப் பேச்சில் எர்த்' என்று போட்டுவிட்டு, அப்புறம் மீள்வழி என்றே எழுதலாம். வெள்ளைக் கம்பிக்கு மீள்கம்பி. அது சட்டத்தில் சேரும் போல்ட்டுக்கு மீள்முனை. புவித்தொடுப்பு வீட்டு வயரிங்குக்கே இருக்கட்டும், அங்கே அது மிகப் பொருத்தமான சொல்.

களிம்பு என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். செம்பில் பூக்கும் பச்சைக்கு நம்மிடம் பழைய சொல் இருக்கும்போது 'அரிமானம்' (corrosion) என்று மாணவனைச் சுற்ற விட வேண்டாம். இரும்புக்குத் துரு, செம்புக்குக் களிம்பு, போதும்.

மீதி இருப்பது ஒன்று. மண்டைக்காட்டு டிரெய்லரில் மின்சாரம் பார்க் கம்பி வழியே பின்னோக்கிப் புகுந்ததே, அந்த நிகழ்வுக்கு ஒரு சொல் வேண்டும். 'பின்னோட்டம்' என்று எழுதிப் பார்த்தேன். பின்னூட்டம் என்று வாசித்துவிடுகிறார்கள். 'பின்பாய்வு' சரிவருமா? இலங்கை நண்பர்கள் என்ன பயன்படுத்துகிறீர்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
நாகர்கோவிலிலிருந்து