வில்லியம்ஸ்போர்ட் (அமெரிக்கா, பென்சில்வேனியா) பேஸ்பால்: இன்னும் மனதை உறுத்தும் ஒரு சம்பவம், பகிருங்கள்

கிளிக்கர் அப்பா:
மகனுக்கு அப்போது 12 வயது. லிட்டில் லீக் (சிறுவர் பேஸ்பால்) ஆட்டம், அவன்தான் பந்து வீசுகிறான், கடைசியான 6-வது இன்னிங், ஒரு ரன் முன்னிலை, இன்னும் ஒரே ஒரு அவுட் வேண்டும். அவன் வீசும் பந்துகளை (பிட்ச்) எண்ணும் கிளிக்கர் என் கையில். 85 வந்துவிட்டால் அடுத்த பேட்டருக்கு வீசக் கூடாது, தெரியும்தானே. அதற்கு முன்னால் பேட்டில் பட்டு எல்லைக் கோட்டுக்கு வெளியே போன ஒரு ஃபவுல் பந்துக்கு நான் அழுத்தவில்லை. மறந்துவிட்டேன் என்று மனைவியிடம் சொன்னேன். மறக்கவில்லை, கட்டைவிரல் பொத்தான்மேல்தான் இருந்தது. கோச் திரும்பிப் பார்த்தார். "எண்பத்துநாலு" என்றேன். அந்தக் கடைசிப் பையனுக்கு இன்னும் 7 பந்து. ஜெயித்தோம். அன்று ராத்திரி மகன் தோசையை இடது கையால் பிய்த்தான். வலிக்குதாடா என்றால், "இல்லப்பா, சும்மாதான்" என்றான். மூன்று வருடம் ஆகிறது, அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

எதிர்வீட்டு அம்மா:
நம்மூர் கிராஸ்கட்டர்ஸ் அணி, மேஜர் லீக்கில் ஆடும் பிலடெல்பியா ஃபில்லிஸ் கிளப்போடு இணைந்திருந்த காலம். எதிர்வீட்டில் அந்த அணியின் கேட்ச்சர் (பேட்டருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்) தம்பி ஒருவர் தங்கியிருந்தார். ஒரு நாள் காலையில் பெட்டியோடு வாசலில் நிற்கிறார். அணியிலிருந்து எடுத்துவிட்டார்களாம். தன் பேட்டை என் மகளிடம் நீட்டி, "சுவரில் மாட்டாதே, ஆடு" என்றார். கைப்பிடியில் பிடிமானத்துக்குப் பூசும் பைன் தார் பிசின் இன்னும் காயவில்லை, பிள்ளையின் விரல்கள் அப்படியே ஒட்டிக்கொண்டன. நாங்கள் சுவரில்தான் மாட்டினோம். மேஜர் லீக் 160 இணைப்பு அணிகளை 120 ஆக்கியதில் நம் அணியின் இணைப்பும் போய்விட்டது. இப்போது நம் போமன் ஃபீல்டு மைதானத்தில், மேஜர் லீக் அணிகள் தங்களைத் தேர்ந்தெடுக்குமா என்று காத்திருக்கும் டிராஃப்ட் லீக் பையன்கள் ஆடுகிறார்கள். ஒவ்வொரு முறை போகும்போதும் அந்தத் தம்பி சொன்னதுதான் காதில் கேட்கிறது. இறக்கிக் கொடுத்திருக்கலாம். இப்போது அவள் வளர்ந்துவிட்டாள்.

முழங்கை:
கிளிக்கர் அப்பா, நீங்கள் ஒரு பந்தை மறைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவன் கைக்கு அது கூடுதலாக 7 பந்து. என் மகன் முழங்கையின் உள்பக்கம் வலித்து ஒரு சீசன் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்தான், அதனால் சொல்கிறேன். ஒரே நாளில் 66 பந்து அல்லது அதற்கு மேல் வீசினால் 4 நாள் ஓய்வு என்பது விதி. அதைக் குறைந்தபட்சம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 41 அல்லது அதற்கு மேல் வீசியவனை அன்றே கேட்ச்சராக நிற்க விடக் கூடாது, அதுவும் அதே கைதானே. டிராவல் அணியில் (வெளியூர் போய் ஆடும் தனி அணி) சனிக்கிழமை வீசியதை லிட்டில் லீக் கோச்சுக்கு நீங்களே போய்ச் சொல்ல வேண்டும், அவருக்கு வேறு வழியில் தெரியாது. வீட்டில் தனியாக ஒரு நோட்டு போடுங்கள். அப்புறம், "வலிக்குதா" என்று கேட்காதீர்கள். எந்தப் பையனும் ஆமாம் என்று சொல்ல மாட்டான். சட்டையை எப்படிக் கழற்றுகிறான் என்று பாருங்கள்.

ஐந்து ரூபாய்:
முழங்கை சொல்வது சரிதான், ஆனால் கிளிக்கர் அப்பா விதி கேட்டு எழுதவில்லை. அவருக்குத் தெரியாததா?
என்னுடையது ஆகஸ்ட் மாதம், சவுத் வில்லியம்ஸ்போர்ட், லிட்டில் லீக் உலகத் தொடர். மதுரையிலிருந்து அப்பா வந்திருந்தார். பிள்ளைகள் அட்டைகளில் உட்கார்ந்து சறுக்கும் அந்த மேட்டில் அவரை உட்கார வைத்தேன். ஜப்பான் அணிச் சீருடையில் ஒரு பையன் வந்து தலை குனிந்து ஒரு பின் (சட்டையில் குத்தும் சின்ன பேட்ஜ்) கொடுத்தான். பதிலுக்கு ஒன்று கொடுக்க வேண்டும் என்று அப்பாவுக்குத் தெரியாது, நானும் சொல்லி வைக்கவில்லை. சட்டைப்பையைத் துழாவி ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்துக் கொடுத்தார். பையன் இரண்டு கையாலும் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்பா இப்போது இல்லை. அந்த பேட்ஜ் என்னிடம் இருக்கிறது. நாணயம் அவனிடம் இருக்கிறதா என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

கிளிக்கர் அப்பா:
முழங்கை, 7 என்பது சரி. கிளிக்கரை அன்றைக்கே டிராயரில் போட்டேன், இன்னும் 91-லேயே நிற்கிறது. எடுத்துச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்திருக்கிறேன். பிராக்டிஸ் முடிந்து மகன் வர ஏழு மணி ஆகும்.