மாவு புளிக்கவில்லை, இந்த ஊர்க் குளிர்காலக் காய்களை வைத்து வீட்டில் என்ன சமைக்கிறீர்கள்?

வைகைக்கரை, ஐந்தோவன்:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மூவரும் கடந்த செப்டம்பரில் மதுரையிலிருந்து நெதர்லாந்திலுள்ள ஐந்தோவனுக்குக் குடிவந்தோம். வந்த புதிதில் நல்ல வெயில் இருந்ததால் சமையலில் எந்தச் சிரமமும் தெரியவில்லை. இப்போது டிசம்பர் நடுப்பகுதி. காலை எட்டரைக்கு மேல்தான் வெளிச்சம் வருகிறது. மாலை நாலரைக்கெல்லாம் விளக்குப் போட வேண்டியிருக்கிறது. ஆறு வயது மகள் பள்ளியில் மதியம் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் மட்டுமே சாப்பிட்டுவிட்டு வருவதால், வீட்டுக்குள் நுழைந்ததும் சூடாக என்ன இருக்கிறது என்றுதான் முதலில் கேட்கிறாள். இட்லி என்றால் அவளுக்கு உயிர். ஆனால் இரவு முழுக்க வைத்தாலும் மாவு அரைத்தபடியே கிடக்கிறது. வீட்டின் வெப்பநிலை பகலில் 19 டிகிரி, இரவில் 16.

இன்னொரு கேள்வியும் உண்டு. கடையில் நம் ஊர்க் காய்கள் விலை கூடுதலாகவும் வாடியும் இருக்கின்றன. அதே கடையில் இந்த ஊர்க் காய்கள் மலையாகக் குவிந்து கிடக்கின்றன: பை பையாக நறுக்கிய சுருட்டைக் கீரை, சேனைக்கிழங்கைப் போல முண்டும் முடிச்சுமாக ஒரு கிழங்கு, முழங்கை நீளத்துக்கு வெங்காயத்தாள் போன்ற ஒன்று. அவற்றை எப்படிச் சமைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. சென்ற வாரம் அடுத்த வீட்டு அம்மையார் கெட்டியான பட்டாணிச் சூப் ஒரு பாத்திரம் நிறையக் கொண்டுவந்து நீட்டினார். நாங்கள் சைவம் என்பதால் அதை வாங்கிக்கொள்ள முடியவில்லை. அவர் போன பிறகும் அந்த மணம் நடையிலேயே நின்றது. அதை இறைச்சி இல்லாமல் செய்ய முடியுமா?

லெய்டன் அக்கா:

தங்கைக்கு வணக்கம். நான் இங்கே வந்து இருபத்திரண்டு குளிர்காலங்கள் ஆகின்றன. உங்கள் அடுத்த வீட்டு அம்மையார் கொண்டுவந்தது எர்வ்தன்சூப். வீட்டுப் பேச்சில் அதை ஸ்னெர்ட் என்பார்கள். பன்றி இறைச்சியும் ரோக்வோர்ஸ்ட் என்னும் புகையூட்டிய தொத்திறைச்சியும் போட்டுத்தான் அதை வழக்கமாகச் செய்வார்கள். இருந்தாலும் அதன் உயிர் பட்டாணியிலும் நீங்கள் சொன்ன அந்த முண்டுக் கிழங்கிலும்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். அந்தக் கிழங்கின் பெயர் க்னோல்செல்டரை. தோலைத் தடிமனாகச் சீவி எறிந்துவிட்டு உள்ளே இருக்கும் வெள்ளைச் சதையை எடுத்து முகர்ந்து பாருங்கள், நீங்கள் நடையில் உணர்ந்த மணத்தில் பாதி அதிலிருந்து வந்ததுதான் என்று தெரியும்.

அரைக் கிலோ உடைத்த பச்சைப் பட்டாணியைக் கழுவி, இரண்டு லிட்டர் தண்ணீரில் ஒரு பிரிஞ்சி இலையும் இரண்டு கிராம்பும் சேர்த்து அடுப்பில் ஏற்றுங்கள், ஊறவைக்க வேண்டியதில்லை. பொங்கி வரும் நுரையை எடுத்துவிட்டு, சிறு தீயில் முக்கால் மணி நேரம் வேகவிடுங்கள். பிறகு க்னோல்செல்டரையில் கால் கிலோ, ஒரு பெரிய கேரட், ஒரு உருளைக்கிழங்கு, ஒரு வெங்காயம் ஆகியவற்றைச் சிறு துண்டுகளாக்கிப் போட்டு, பிரை என்னும் அந்த நீளத் தாளையும் வளையமாக நறுக்கிச் சேர்த்து, இன்னும் முக்கால் மணி நேரம் விடுங்கள். இந்த இரண்டாவது பகுதியில் அடுப்பை விட்டு நகரக் கூடாது. பட்டாணி கரையக் கரைய அடியில் படியும், ஒருமுறை அடிப்பிடித்தால் அந்தக் கருகல் வாசனை பாத்திரம் முழுவதும் ஏறிவிடும். மரக்கரண்டியால் அடியைத் தொட்டுத் தொட்டுக் கிளறுங்கள். புகை மணத்துக்குப் புகையூட்டிய பாப்ரிகாத் தூள் ஒரு தேக்கரண்டி போதும். இறைச்சி இல்லாத ரோக்வோர்ஸ்டும் இப்போது கடைகளில் கிடைக்கிறது, விருப்பமிருந்தால் அதையும் நறுக்கிப் போடலாம். இறக்கும்போது உப்பு, மிளகு, நறுக்கிய செலரி இலை.

அன்றைக்கே எல்லாவற்றையும் சாப்பிட்டுத் தீர்த்துவிடாதீர்கள். நம் வீடுகளில் முந்தின நாள் குழம்பை மறுநாள் சுண்டவைத்துச் சாப்பிடும்போது அதற்கென்று ஒரு ருசி வருமல்லவா, ஸ்னெர்ட்டும் அந்த வகைதான். ஆறும்போது பட்டாணியின் மாவுச்சத்து இறுகி, மறுநாள் காலையில் நட்டுவைத்த கரண்டி சாயாமல் நிற்கும். கரண்டி நின்றால்தான் ஸ்னெர்ட் என்று இங்குள்ளவர்கள் சொல்வார்கள். சூடாக்கும்போது அரைக் குவளை வெந்நீர் சேர்த்துச் சிறு தீயில் இளக்குங்கள். தொட்டுக்கொள்ள ரை தானியத்தில் செய்த கறுப்பு ரொட்டியும் கடுகு விழுதும் வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் ஊரின் ஹுட்ஸ்பொட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது உங்கள் மகளுக்குப் பிடிக்கும். உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயம் மூன்றையும் ஒன்றாக வேகவைத்து மசிப்பதுதான் ஹுட்ஸ்பொட். 1574 அக்டோபர் 3 அன்று ஸ்பானியப் படை முற்றுகையைக் கைவிட்டு ஓடியபோது விட்டுச் சென்ற ஒரு பானையில் இந்தக் கூட்டு இருந்தது என்பது லெய்டனில் வழிவழியாகச் சொல்லும் கதை. அன்று உருளைக்கிழங்கு இந்த நாட்டு அடுப்புகளுக்கு வந்திருக்கவில்லை. பானையில் இருந்தது வெள்ளைக் கிழங்கு வகையான பாஸ்தினாக் என்பார்கள். இன்றும் ஒவ்வோர் அக்டோபர் 3 அன்றும் இங்கே வீட்டுக்கு வீடு இது வேகும். குளிர்காலத்துப் பெரிய கேரட்டுக்கு நல்ல இனிப்பு உண்டு, சர்க்கரை சேர்க்க வேண்டியதே இல்லை. மகளுக்கு வெண்ணெய் ஒரு கட்டி வைத்துக் கொடுங்கள்.

பனங்கற்கண்டு, ஹேக்:

வணக்கம் சகோதரி. அக்கா சொன்ன பிரையைத்தான் நாங்கள் யாழ்ப்பாணத்தில் லீக்ஸ் என்று சொல்லி வளர்ந்தோம். நுவரெலியாவில் விளைந்து வரும் அந்த மரக்கறி எங்கள் வீடுகளில் வறையாகும். இங்கே வந்து முதல் குளிர்காலத்தில் சந்தையில் அதைக் கட்டுக் கட்டாகக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட ஆறுதலை இப்போதும் மறக்க முடியவில்லை. நெடுக்காகக் கீறி, இதழ் இதழாக விரித்து ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். இல்லாவிட்டால் இடுக்கிலுள்ள மணல் பல்லில் கடிபடும். பிறகு மெல்லியதாக அரிந்து, கடுகு, வெண்காயம், செத்தல் மிளகாய் தாளித்து, மஞ்சளும் உப்பும் சேர்த்துப் பாதி வதங்கியதும் தேங்காய்ப்பூ போட்டு இறக்குங்கள். அந்தச் சுருட்டைக் கீரையையும் இதே முறையில் வறையாக்கலாம். ஆனால் பையில் வருவதில் தடித்த நரம்புத் துண்டுகள் இருக்கும், அவற்றைப் பொறுக்கி எடுத்துவிட வேண்டும்.

மாவு விடயத்துக்கு வருகிறேன். 16 டிகிரியில் ஓர் இரவில் மாவு பொங்குவது நடவாத காரியம்; அதற்கு 28 முதல் 32 டிகிரி வரை வேண்டும். நான் செய்வது இதுதான். உளுந்தோடு ஒரு தேக்கரண்டி வெந்தயத்தை ஊறவைத்து, அரைக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீர் விடுவேன். அரைத்த மாவைக் கையாலேயே நன்றாகக் கலந்து, வெதுப்பியை, அதாவது ஓவனை, மூட்டாமல் உள்விளக்கை மட்டும் எரியவிட்டு, மாவுப் பாத்திரத்தையும் பக்கத்தில் ஒரு சட்டி வெந்நீரையும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்துவேன். சில வெதுப்பிகளில் விளக்கு கூடுதலாகச் சூடாக்கும், சிலவற்றில் சூடே வராது. ஆகவே முதல் தடவை வெப்பமானி ஒன்றை உள்ளே வைத்துப் பாருங்கள். எனக்குப் பத்து மணி நேரத்தில் மாவு பொங்கிவிடுகிறது. வெதுப்பிக் கதவில் ஒரு தாள் ஒட்டி வையுங்கள்: வீட்டில் வேறொருவர் தெரியாமல் அதை மூட்டிவிட்டால் எல்லாம் வீண்.

ஹேக்குக்கு வரும் நாளில் பெரிய சந்தைக்கு, அதாவது ஹாக்ஸ மார்க்துக்குப் போய்ப் பாருங்கள். திங்கள், புதன், வெள்ளி, சனிக்கிழமைகளில் அது நடக்கும். இந்த நகரத்தில் சூரினாமிலிருந்து வந்த இந்திய வம்சாவளி மக்கள் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். அவர்களுடைய புண்ணியத்தில் பயற்றங்காய் கவுசன்பண்ட் என்ற பெயரிலும், பாகற்காய் சோப்ரோப்போ என்ற பெயரிலும் குளிர்காலத்திலும் கிடைக்கின்றன. மடாம் ஜெனட் என்னும் மஞ்சள் மிளகாய் கடும் உறைப்பு. ஒன்றை முழுதாகக் கறியில் மிதக்கவிட்டு எடுத்துவிட்டாலே வாசம் ஏறிவிடும்.

அக்காவிடம் ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். ஸ்னெர்ட்டில் நான் எங்கள் வறுத்த கறித்தூள் ஒரு கரண்டி போடுவேன். அது இல்லாமல் என் பிள்ளைகள் தொடுவதில்லை.

லெய்டன் அக்கா:

தம்பி, கறித்தூள் போட்டால் அது நல்லதொரு பட்டாணிக் கறியாகலாம், ஆனால் க்னோல்செல்டரையின் மணம் அதற்குள் அமுங்கிப் போகும். சகோதரி முதல் தடவையாவது மிளகோடு நிறுத்திப் பார்க்கட்டும்.

பணியாரக்குழி, உட்ரெக்ட்:

இருவரும் சுருட்டைக் கீரையை விரைவாகக் கடந்துவிட்டீர்கள். எனக்கு இந்தக் குளிர்காலத்தின் தலையாய உணவே அதுதான். அதன் பெயர் பூரன்கோல். உறைபனி ஒருமுறை விழுந்த பிறகுதான் அதைப் பறிக்க வேண்டும் என்று இங்குள்ள பெரியவர்கள் சொல்வதில் காரணம் இருக்கிறது. குளிர் ஏறும்போது அந்தச் செடி தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொண்டு உறையாமல் தன்னைக் காத்துக்கொள்கிறது. அதனால் கசப்புக் குறைந்து இலையில் மெல்லிய இனிப்புத் தட்டுகிறது. ஜனவரியில் வாங்கும் கீரையைப் பச்சையாக ஓர் இணுக்கு மென்று பார்த்தாலே தெரியும்.

ஒரு கிலோ உருளைக்கிழங்கைத் துண்டாக்கி, அது மூழ்கும் அளவுக்கு மட்டும் உப்புத் தண்ணீர் விட்டு, மேலே அரைக் கிலோ கீரையைக் குவித்து மூடிவிடுவேன். இருபத்தைந்து நிமிடத்தில் கிழங்கும் வெந்துவிடும், கீரையும் ஆவியிலேயே குழைந்துவிடும். தண்ணீரை வடித்து, சூடான பாலும் வெண்ணெயும் விட்டு மசித்தால் அதுதான் பூரன்கோல் ஸ்டாம்பொட். தட்டில் குவித்து, நடுவில் கரண்டியின் முதுகால் ஒரு குழி செய்து, அதில் இறைச்சிச் சாற்றை ஊற்றிச் சாப்பிடுவது இந்த ஊர் வழக்கம். அந்தக் குழியில் நான் சுண்டைக்காய் வத்தக்குழம்பு ஊற்றுகிறேன். மசியலின் வெண்ணெய்ப் பசையோடு புளியும் நல்லெண்ணெயும் சேரும் அந்த ஒரு வாய்க்காகவே மழையில் மிதிவண்டி மிதித்து வீட்டுக்கு வருகிறேன்.

குழந்தை இருக்கும் வீடு என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். டிசம்பர் 31 அன்று ஒலிபொலன் சுடுங்கள். அரைக் கிலோ மைதா, ஏழு கிராம் உலர்ந்த ஈஸ்ட், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு முட்டை, 400 மில்லி வெதுவெதுப்பான பால், இரண்டு கைப்பிடி உலர்திராட்சை. முட்டை வேண்டாமென்றால் பாலைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். ஒரு மணி நேரம் பொங்கவிட்டு, 180 டிகிரி எண்ணெயில் கரண்டி கரண்டியாக விட வேண்டும். நன்றாகப் பொங்கிய மாவாக இருந்தால் ஒரு பக்கம் வெந்ததும் பெரும்பாலும் தானாகவே புரண்டுகொள்ளும். பொடித்த சர்க்கரை தூவிச் சூட்டோடு கொடுங்கள். என் அம்மா காணொளி அழைப்பில் இதைப் பார்த்துவிட்டு, வாழைப்பழம் மசித்துப் போட்டால் நம் இனிப்புப் பணியாரம் போலவே இருக்குமே என்றார். போட்டுப் பார்த்தேன், மாவு கனத்துவிட்டது, ஆனால் மணம் ஊரை அழைத்தது.

வைகைக்கரை, ஐந்தோவன்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. வெதுப்பி விளக்கு முறையில் பதினோரு மணி நேரத்தில் மாவு பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டது. வெப்பமானி 30 காட்டியது. மூன்று மாதத்துக்குப் பிறகு மகள் ஆறு இட்லி சாப்பிட்டாள்.

சனிக்கிழமை அக்கா சொன்னபடி, மிளகு மட்டும் போட்டு, ஸ்னெர்ட் செய்தேன். முதல் நாள் நன்றாக இருந்தது என்று மட்டும்தான் சொல்ல முடியும். கொஞ்சம் நீர்த்திருப்பதாகவே தோன்றியது. இரவு பால்கனியில் மூன்று டிகிரிக் குளிரில் மூடி வைத்தேன். காலையில் மகள் நாற்காலி மேல் ஏறி நின்று மரக்கரண்டியை நடுவில் நட்டாள். கையை எடுத்த பிறகும் அது அசையவில்லை. அவள் உடனே தன் தேக்கரண்டியையும் பக்கத்தில் நட்டுவிட்டு அப்பாவைக் கூப்பிட ஓடினாள். மதியம் அதை இளக்கி ஒரு சிறு பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். அந்த அம்மையார் வாசலிலேயே நின்று ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, இறைச்சி இல்லையென்று சொன்னால்தான் தெரியும் என்றார். பிறகு உள்ளே கூப்பிட்டுக் கறுப்பு ரொட்டி நறுக்கிக் கடுகு தடவிக் கொடுத்தார்.

அடியில் இன்னும் இரண்டு கரண்டி மிகக் கெட்டியாக மீந்திருக்கிறது. அதில் அரிசி மாவும் பச்சை மிளகாயும் வெங்காயமும் சேர்த்து அடையாகத் தட்டினால் கல்லில் ஒட்டுமா, அக்கா?

லெய்டன் அக்கா:

ஒட்டாது. மீந்ததில் ஒரு பங்குக்கு அரைப் பங்கு அரிசி மாவு போடுங்கள், கல் நன்றாகக் காய்ந்த பிறகு எண்ணெய் விட்டு மெல்லியதாகத் தட்டுங்கள், ஓரம் சிவந்து தானாக எழும்பும் வரை திருப்பாதீர்கள். கடையில் விற்கும் கார்னமெல்க் நம் மோர்தான். அதில் இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்டு உடன் வைத்துக்கொள்ளுங்கள்.